நாரிக்கும் அதே குளிசை, நித்திரைக்கும் அதே குளிசை

மருந்துப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டயசபாம் என்ற ஒரே குளிசையைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். சிலர் பெயருக்குப் பதிலாக “மஞ்சள் குளிசை” என்று எழுதியிருந்தார்கள். நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும். உறையில் எழுதியிருக்கும் பெயரையும் மில்லிகிராமையும் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: அரிவு வெட்டு நேரம் நெல்மூட்டை தூக்கி நாரி பிடித்துவிட்டது. கிளினிக்கில் டைக்ளோபெனக்கோடு டயசபாம் 5 மி.கி. இரவில் ஒன்று, ஐந்து நாளுக்கு எழுதித் தந்தார்கள். மருந்துக்கடையில் நின்றவர் “இது மனவருத்தக்காரருக்குக் கொடுக்கிறதெல்லோ” என்கிறார். எனக்குப் பிடித்தது நாரியா, மண்டையா?
46 வயது வாசகர், மல்லாவி

பதில்: நாரிதான். மருந்துக்கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. இந்த மருந்து தசையைத் தொடுவதே இல்லை என்பதில்தான் விசயம் இருக்கிறது.

பாரம் தூக்கும்போது நாரியில் எங்கோ ஒரு இழை நொந்தால், அந்த நோவுச் செய்தி முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணுக்குப் போகும். அங்கிருந்து “இறுக்கிப் பிடி” என்ற கட்டளை சுற்றியுள்ள தசைகளுக்குத் திரும்பி வரும். இறுகிய தசை தானும் நோகும், நோவு மீண்டும் இறுக்கும். டயசபாம் வேலை செய்வது செய்தி திரும்பும் அந்த முண்ணாண் முடக்கில்.

காபா என்பது நரம்புக்கலங்களுக்கு “பொறு” என்று சொல்ல உடம்பு தானே செய்துகொள்ளும் பொருள். கலத்தின் மேல் அதை ஏற்கும் இடத்தை வாங்கி என்பார்கள். காபா தன் வாங்கியில் வந்து அமர்ந்தால் ஒரு சிறு கதவு திறந்து குளோரைட்டு அயன்கள் கலத்துக்குள் போகும். கலம் இலகுவில் கிளம்பாது. டயசபாம் தானாகக் கதவைத் திறக்காது. அதே வாங்கியில் வேறொரு பள்ளத்தில் உட்கார்ந்து, காபா வரும்போது கதவு அடிக்கடி திறக்கும்படி செய்யும். காபா இல்லாத இடத்தில் இந்தக் குளிசைக்கு வேலையும் இல்லை.

இந்த வாங்கி முண்ணாணில் மட்டுமா இருக்கிறது? மூளை முழுக்க இருக்கிறது. அதில் வகைகள் உண்டு. அல்பா-1 என்ற கூறுள்ளவை நித்திரையைக் கொண்டுவருபவை, அல்பா-2 உள்ளவை பயத்தையும் பதகளிப்பையும் குறைப்பவை, தசை தளர்வதில் அல்பா-2, அல்பா-3 இரண்டுக்கும் பங்கு. விழுங்கிய குளிசைக்கு இந்த வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றிலும் போய் உட்காரும். ஆகவே நாரிக்கென்று ஒரு டயசபாம், மனசுக்கென்று இன்னொன்று கிடையாது. தசை நன்றாகத் தளரும் அளவுக்கு முன்னரே பெரும்பாலானவர்களுக்கு நித்திரை தூக்கிவிடும். உங்களுக்கு இரவில் மட்டும் எழுதியிருப்பது அதனால்தான்.

இது அவசியமா என்று கேட்டால், எங்கள் அபிப்பிராயம் சற்று மாறானது. 2017 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், திடீர் நாரி நோவுடன் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நெப்ரொக்சன் என்ற நோக்குளிசையோடு டயசபாமும், மறு பகுதியினருக்கு நெப்ரொக்சனோடு வெறும் போலிக் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கிழமையின் பின் இரு பகுதியினருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எழுதித் தந்த ஐந்து நாளைப் போடுவதால் கேடில்லை. ஆனால் நோ மாறவில்லை என்று இரண்டாவது தடவை கேட்டு வாங்காதீர்கள். ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடக்காமல் மெதுவாக நடமாடுங்கள். போட்ட மறுநாள் உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், வைக்கோல் வெட்டும் மெசின் எதிலும் கை வைக்காதீர்கள். நித்திரை கலைந்ததுபோல் தெரிந்தாலும் கை கால் பிந்தித்தான் கேட்கும். கால்கள் மரத்தாலோ, சலம் கட்டினாலோ, மலவாசலைச் சுற்றி உணர்வு குறைந்தாலோ குளிசையைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: வாலியம் என்பதும் இதுவா?
கிளிநொச்சி வாசகர்

பதில்: இதுவேதான். ரோஷ் கம்பனியில் லியோ ஸ்டேர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்து 1963 இல் விற்பனைக்கு வந்தபோது வைத்த வியாபாரப் பெயர் வாலியம். இதற்கு அண்ணன்போன்ற குளோர்டயசெபொக்சைட்டு 1960 இலேயே வந்துவிட்டது. அதுவும் அவருடைய கண்டுபிடிப்பே.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் நித்திரை வரவில்லை என்று தொடங்கிய டயசபாம் 5 மி.கி. இன்றுவரை ஒவ்வொரு இரவும் போடுகிறார். இப்போது இரவில் சலம் கழிக்க எழும்பும்போது விழுகிறார், மறதியும் கூடிவிட்டது. ஒரு முறை நாங்கள் ஒளித்துவைத்தோம். நாலு நாள் நல்லாய் இருந்தார், பிறகு கை நடுக்கம், ஒரு சொட்டு நித்திரையில்லை, கத்தத் தொடங்கிவிட்டார். நோய் திரும்பிவிட்டது என்று திரும்பக் கொடுத்துவிட்டோம். அதே 5 மில்லிகிராம்தானே, முந்தி ஒத்துப்போனது இப்ப ஏன் ஒத்துப்போகவில்லை?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: குளிசை அதே அளவுதான், உடம்பில் நிற்கும் அளவுதான் வேறு.

விழுங்கிய டயசபாம் ஏறக்குறைய முழுதும் இரத்தத்தில் சேரும். ஒன்று, ஒன்றரை மணிநேரத்தில் உச்சம். வருவது வேகம், போவதுதான் மெதுவு. இரத்தத்தில் இருப்பதில் பாதி கழிய எடுக்கும் நேரத்தை அரைவாழ்வுக்காலம் என்பார்கள். இளம் வயதினருக்கு அது ஏறத்தாழ 20 மணிநேரம். வயது போகப்போக நீளும். வயதெத்தனையோ ஏறக்குறைய அத்தனை மணிநேரம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. டயசபாம் கொழுப்பில் கரைவது, முதுமையில் உடம்பில் தசையின் பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடும், மருந்து அங்கே போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

கணக்காகப் பார்ப்போம். தினம் 5 மி.கி. போடுபவருக்கு அரைவாழ்வு 20 மணிநேரம் என்றால், சில நாளில், குளிசை போட்ட கையோடு உடம்பில் நிற்பது சுமார் 9 மி.கி. அரைவாழ்வு 80 மணிநேரம் என்றால் அது இரண்டரைக் கிழமைக்குள் 26 மி.கி. அளவுக்கு ஏறி அங்கேயே நிலைக்கும். அதாவது அம்மா ஒன்று விழுங்குகிறார், உடம்பில் ஐந்து குளிசை நிற்கிறது. இது டயசபாமை மட்டும் எண்ணிய கணக்கு. ஈரல் இதை உடைக்கும்போது வரும் நோர்டயசபாமும் மருந்தாகவே வேலை செய்யும், அதன் அரைவாழ்வு 100 மணிநேரம்வரை போகும். விழுதலும் மறதியும் வந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம், அதைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழவேண்டும்.

நீங்கள் ஒளித்துவைத்தபோது நடந்ததற்கும் இந்தக் கணக்கே விளக்கம். முதல் நாலு நாளும் அம்மா உடம்பிலிருந்த மிச்சத்தில் ஓடினார். மிச்சம் இறங்கியதும் குழப்பம் தொடங்கியது. இத்தனை வருடம் “பொறு” என்ற சொல்லை உரத்துக் கேட்டுப் பழகிய நரம்புகள், அது திடீரென்று மெலிந்ததும் கட்டவிழ்ந்துவிட்டன. திரும்பி வந்தது பழைய நோய் இல்லை, குளிசையை நிறுத்திய தாக்கம். டயசபாமில் இது சிலருக்கு மூன்று கிழமை கழித்துக்கூடத் தொடங்கும் என்பதால், ஆட்கள் இரண்டையும் தொடர்புபடுத்துவதில்லை. வலிப்பே வந்துவிடலாம். ஆகவே இன்னொரு முறை ஒளித்துவைக்க வேண்டாம்.

குறைக்கும் வழி இது. வைத்தியரிடம் சொல்லி 5 மி.கி. குளிசைக்குப் பதில் 2 மி.கி. குளிசையாக எழுதுவியுங்கள். இரண்டு குளிசை, அதாவது 4 மி.கி., இரண்டு கிழமை. பிறகு ஒன்றரைக் குளிசை, அதுவும் இரண்டு கிழமை. பிறகு ஒன்று. அதிலிருந்து படியைச் சிறிதாக்க வேண்டும்: முக்கால், அரை, கால், ஒவ்வொன்றும் இரண்டு கிழமை. மொத்தம் மூன்று மாதம். கடைசிப் படிகளில்தான் பலர் தவறுவார்கள். 5 இலிருந்து 4 க்கு வருவது ஐந்தில் ஒன்று குறைப்பு, 1 இலிருந்து நிறுத்துவது முழுவதும் குறைப்பு. ஒரு படியில் அம்மா தடுமாறினால் அதே அளவில் இன்னும் இரண்டு கிழமை நில்லுங்கள். மேலே ஏறாதீர்கள். கால் குளிசையைக் கத்தியால் வெட்டினால் தூளாகும். மருந்துக்கடைகளில் குளிசை வெட்டும் சிறு பெட்டி கிடைக்கும், ஒரு கிழமைக்கு மேல் முன்கூட்டி வெட்டி வைக்கவும் வேண்டாம். முன்னர் வலிப்பு வந்தவர், குடிப்பவர், நாளுக்கு 30 மி.கி.க்கு மேல் போடுபவர் ஆகியோருக்கு இதை வீட்டில் செய்யக்கூடாது.

அதுவரைக்கும் கட்டிலடியில் ஒரு சட்டியும், கக்கூசுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன பல்ப்பும் வையுங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். முகாமில் தொலைந்த நித்திரையைப் பற்றி அம்மா பேச விரும்பினால், மனநலக் கிளினிக்கில் அதற்கும் ஆள் உண்டு. 1926 என்ற இலக்கத்திலும் பேசலாம்.

கேள்வி: நெஞ்சுமட்டத்துக்குக் கீழே உணர்வில்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கால்கள் இழுத்து இறுகுவதற்கு பக்லோபன் 10 மி.கி. மூன்று வேளையும் டயசபாம் 5 மி.கி. இரவிலும் போடுகிறேன். இரண்டு கிழமையாக இழுப்புக் கூடியிருக்கிறது. டயசபாமை இரண்டாக்கலாமா?
வாசகர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: குளிசையைக் கூட்டமுன் உடம்பைத் தேடிப் பாருங்கள். உங்களுக்குக் கீழே நோ தெரியாது. உடம்பு அந்த நோவை இழுப்பாகத்தான் சொல்லும். நன்றாக இருந்தவருக்குத் திடீரென இழுப்புக் கூடினால், முதலில் சலத்தைப் பாருங்கள்: கலங்கலா, மணமா, கதீற்றர் குழாய் அடைத்திருக்கிறதா, மடிந்திருக்கிறதா? அடுத்தது மலச்சிக்கல். மூன்றாவது படுக்கைப் புண். இருக்கை எலும்பு, குதிக்கால், நாரியின் கீழ்ப்பக்கம் ஆகியவற்றைக் கண்ணாடி பிடித்தோ ஒருவரைக் கொண்டோ பாருங்கள், தோல் சிவந்து அமத்தினாலும் வெளிறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது. பிறகு சதைக்குள் வளர்ந்த கால் நகம், இறுக்கமான சப்பாத்து, நாற்காலியில் எங்கோ குத்தும் ஆணி. காரணம் போகாமல் குளிசையைக் கூட்டினால், அபாய மணியின் வாயைக் கட்டிவிட்டு நெருப்பை விட்ட கதையாகும்.

ஒன்றும் அகப்படாவிட்டால், கூட்டவேண்டியது எதை என்பதை வைத்தியர்தான் முடிவு செய்யவேண்டும். இரண்டும் காபாவின் பெயரால் வேலை செய்தாலும் வாங்கி வேறு. டயசபாம் காபா-ஏ, பக்லோபன் காபா-பி. பக்லோபனுக்கு மேலே போக இடமிருக்கிறது, ஆனால் சிறிது சிறிதாக. இரண்டும் சேர்ந்தால் தசை தளர்வைவிட நித்திரைதான் வேகமாகக் கூடும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது விறைத்து நின்று உங்களைத் தாங்குவது இந்த இறுக்கம்தான். அதை முழுதாகக் கழற்றினால் கால் துவண்டு, மாறமுடியாமல் போனவர்கள் உண்டு. காலைப் பயிற்சிக்கு ஒரு மணிநேரம் முன்பு பக்லோபன் போட்டால், நீட்டி மடக்குவது இலகுவாகும்.

பக்லோபனைத் திடீரென நிறுத்துவது டயசபாமை நிறுத்துவதைவிட மோசம். ஓரிரு நாளிலேயே கடும் காய்ச்சல், மாயத் தோற்றங்கள், வலிப்பு வரலாம். ஆஸ்பத்திரியில் இருப்பு முடிந்துவிட்டது என்ற சொல்லைக் கேட்டபின் ஓடுவதைவிட, பத்து நாள் குளிசை மிச்சமிருக்கும்போதே விசாரியுங்கள்.

கேள்வி: போட்ட அன்று கொஞ்சம் சாராயம் எடுத்தால்?
முல்லைத்தீவு வாசகர்

பதில்: வேண்டாம். டயசபாம் தனியாக, காபா இருக்குமட்டும்தான் வேலை செய்யும் என்றோம். அதனால் அது தனியாக மூச்சை நிறுத்துவது அரிது. சாராயம் அந்தத் தடுப்பைத் தாண்டிவிடும். ட்ரமடோல், கோடீன், மோர்பின் போன்ற நோக்குளிசைகளும் அப்படியே. 2016 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், இந்த நோக்குளிசைகள் டயசபாம் வகை மருந்தோடு சேர்வதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை போட வைத்தது. கள்ளுக்கும் இதே பதில்தான். தடிமனுக்குப் போடும் பிரிட்டோன் குளிசையும் நித்திரையைக் கூட்டும். அப்படிச் சேர்த்துப் போட்டவர் எழுப்ப எழும்பாவிட்டால், குறட்டை விடுகிறார்தானே என்று விடாதீர்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து 1990 ஐ அழையுங்கள். மாற்று மருந்தாக புளுமசெனில் உண்டு, ஆனால் அது ஒரு மணிநேரத்தில் கழிந்து ஆள் மீண்டும் மயங்குவார். நெடுநாள் டயசபாம் போட்டவருக்கு அதுவே வலிப்பைக் கிளப்பும். ஆகவே ஆஸ்பத்திரியில்தான்.

“அப்படியென்றால் குடியை நிறுத்த வருபவருக்கு வாட்டில் இதையே கொடுக்கிறார்களே” என்று அதே கடிதத்தில் மடக்கியிருக்கிறார். சரியான கேள்வி. குடி நின்றதும் வரும் நடுக்கமும் வலிப்பும் காபா பக்கம் மெலிந்ததால் வருபவை. அந்த இடத்தை டயசபாமால் நிரப்பி, சில நாட்களில் மெல்ல இறக்குகிறார்கள். மெதுவாகப் போகும் மருந்து என்ற குற்றமே இங்கே குணம்.

கேள்வி: மகனுக்கு நாலு வயது. காய்ச்சலில் வலிப்பு வருவதால் மலவாசலால் கொடுக்க டயசபாம் தந்திருக்கிறார்கள். வாயால் கொடுக்கக்கூடாதா?
தாய், செட்டிகுளம்

பதில்: வலிப்பில் இருக்கும் பிள்ளையின் வாயில் மருந்து, தண்ணீர், கரண்டி, திறப்பு எதுவும் வைக்கக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போகும். தசையில் ஊசியாகப் போட்டால் டயசபாம் அங்கேயே தங்கி, மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும்தான் இரத்தத்தில் சேரும். மலவாசலின் உள்தோலால் சில நிமிடத்தில் சேர்ந்துவிடும்.

வலிப்புத் தொடங்கியதும் மணிக்கூட்டைப் பாருங்கள். பிள்ளையை இடப்பக்கம் சரித்து, மேல்காலை மடக்குங்கள். பெரும்பாலான வலிப்பு தானே நிற்கும். ஐந்து நிமிடம் தாண்டினால்தான் மருந்து. நுனியை ஏதும் களிம்பால் ஈரமாக்கி, ஆஸ்பத்திரியில் காட்டித் தந்த ஆழத்துக்கு மட்டும் செலுத்தி, குழாயை அமத்துங்கள். அமத்திய விரலைத் தளர்த்தாமலே வெளியே இழுக்க வேண்டும். தளர்த்திவிட்டு இழுத்தால் மருந்து திரும்பக் குழாய்க்குள் ஏறிவிடும். வீட்டில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். பிறகு இரண்டு குண்டியையும் சேர்த்துச் சில நிமிடம் பிடியுங்கள். இந்த வயதில் அளவு பெரும்பாலும் 5 முதல் 10 மி.கி.; நிறையைப் பார்த்து உங்களுக்கு எழுதியிருப்பது எதுவோ அதுதான். பத்து நிமிடத்தில் நிற்காவிட்டாலும், மூச்சு மேலோட்டமாகப் போனாலும், அல்லது இதுதான் முதல் தடவை கொடுப்பதென்றாலும் 1990.

கேள்வி: தாதியப் பயிற்சியில் இருக்கிறேன். டயசபாம் ஊசிமருந்தைக் கொஞ்சம் சேலைனோடு கலந்தபோது பால்போல் கலங்கியது. கெட்டுப்போன மருந்தா?
வவுனியா வாசகி

பதில்: மருந்து நல்லது, கலந்த விதம்தான் பிழை. டயசபாம் தண்ணீரில் கரையாது. 2 மி.லீ. அம்பியூலில் 10 மில்லிகிராமைக் கரைத்து வைத்திருப்பது புரோப்பிலீன் கிளைக்கோலும் அற்ககோலும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அந்தக் கரைப்பான் மெலிந்து மருந்து படிந்துவிடும். கலங்கியதை ஏற்றக்கூடாது. வலிப்புக்குக் கொடுப்பது கலக்காமல், பெரிய நாளத்தில், நிமிடத்துக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாமல். 10 மில்லிகிராமுக்கு இரண்டு நிமிடம் பிடிக்க வேண்டும். புறங்கையின் சிறு நாளத்தில் போட்டால் எரிந்து வீங்கும். ஏற்புவலிக்குப்போல் தொடர்ந்து ஏற்றவேண்டி வந்தால் நிறையவே ஐதாக்க வேண்டும், 200 மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். பீ.வீ.சீ. குழாய் மருந்தில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் எடுங்கள். உங்கள் பகுதி வாட்டுகளில் பூச்சிமருந்து குடித்தவர்களைப் பார்ப்பீர்கள். அவர்களுக்குக் கொடுக்கும் அத்திரோப்பின் சளியையும் நாடித்துடிப்பையும் கவனிக்கும், வலிப்பை நிறுத்தாது; அதற்குத்தான் டயசபாம் தட்டில் இருக்க வேண்டும்.

கேள்வி: வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் போடுகிறேன், இதோடு சேருமா? வீட்டில் ஒருவர் சயரோகத்துக்கு மருந்தெடுக்கிறார், அவருக்கும் டயசபாம் எழுதியிருக்கிறார்கள்.
மாங்குளம் வாசகர்

பதில்: இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். ஒமெப்ரசோல், டயசபாமை உடைக்கும் ஈரல் நொதியம் ஒன்றைத் தடுக்கும், ஆகவே உங்களுக்குத் தூக்கம் கூடும். சயரோகத்துக்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் அந்த நொதியங்களைப் பெருக்கும், அவருக்குக் குளிசை வேலைசெய்யாததுபோல் இருக்கும். அவர் தானாக அளவைக் கூட்டக்கூடாது. சயரோக மருந்து முடிந்து ஓரிரு கிழமையில் நொதியம் பழைய நிலைக்கு வந்ததும் கூட்டிய அளவு அதிகமாகிவிடும்.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பிணி. முன்னர் எழுதியதை இன்னும் போடுகிறேன். நிறுத்தட்டா?
ஒட்டுசுட்டான் வாசகி

பதில்: நாளைக்கே நிறுத்த வேண்டாம், ஆனால் நாளைக்கே குடும்பநல மாதுவிடமும் கிளினிக்கிலும் சொல்லுங்கள். பிள்ளைப்பேறு மட்டும் தொடர்ந்தால் குழந்தை துவண்டு, பால் உறிஞ்சாமல், சூடு பிடிக்காமல் பிறக்கலாம். பிறகு நடுக்கமும் விடாத அழுகையும் வரலாம். முன்கூட்டித் தெரிந்தால் வைத்தியர் குறைத்துக்கொண்டு வருவார், பிறந்த குழந்தையையும் சில நாள் வைத்துப் பார்ப்பார்கள். தாய்ப்பாலிலும் போகும்.

கேள்வி: அப்பாவுக்கு வாங்கியதில் இருபது குளிசை மிச்சம். பக்கத்து வீட்டு அக்காவும் நித்திரையில்லை என்கிறார்.
நெடுங்கேணி வாசகர்

பதில்: அக்காவுக்குக் குறட்டையோடு மூச்சு நிற்கும் வருத்தமோ, ஈரல் வருத்தமோ, பின்னேரமானால் கண்மடல் சோர்ந்து விழும் தசைச் சோர்வு நோயோ இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது, மூன்றிலும் இது ஆபத்து. துண்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்தைத் துண்டு இல்லாமல் கொடுக்கவும் கூடாது. குப்பையில் போட்டால் பிள்ளைகள் கையில் அகப்படும், கிணற்றடியில் கரைத்து ஊற்றவும் வேண்டாம். உறையோடு ஆஸ்பத்திரி மருந்து கொடுக்கும் யன்னலில் கொடுத்துவிடுங்கள்.